பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப்: பாகங்கள் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, கைப்பிடி அளவு ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும், ஒரு சின்னத் தகரப் பெட்டி. சூ மாய் என்பவர் வடிவமைத்து, அவர் பெயராலேயே 'சிமாய்' என்று பரவிய சுற்று இது. சால்டரிங் பழகுகிற பலருக்கு முதல் ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இதுதான். பாகம் வாங்கும் நேரத்தில் வரும் சந்தேகங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

போன்லயே நல்லாத்தானே கேக்குது, எனக்கு ஆம்ப் தேவையா?

வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்தாலே போதும் போதும் என்று இருந்தால், தேவை இல்லை. சத்தம் ஏற்கெனவே போதுமாக இருக்கும் இடத்தில் ஆம்ப் புதிதாக எதையும் கொண்டு வராது. 250, 300, 600 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கும், சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) குறைந்த பிளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் ஹெட்போன்) வைத்திருப்பவர்களுக்கும்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

கட்டிப் பார்க்கும் ஆசைக்காகச் செய்கிறீர்கள் என்றால் அதுவும் நல்ல காரணம்தான். தாராளமாகச் செய்யுங்கள்.

முதல்ல எந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுக்கணும்? ஆப்-ஆம்ப்தானே?

இல்லை. ஆப்-ஆம்ப் என்பது சிக்னலைப் பெருக்கும் அந்த எட்டுக் கால் ஐசி. அதற்கும் முந்தைய முதல் பாகம் உங்களிடம் இருக்கும் ஹெட்போன். அதன் இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை), சென்சிடிவிட்டி என்ற இரண்டு எண்களும் கையில் வந்துவிட்டால் மற்ற முடிவுகள் அதன் பின்னாலேயே வரும். இசையின் உச்சத் தருணங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வைத்துக் கணக்குப் போடுவோம். இது ஒரு கண நேர உச்சம் மட்டுமே, கேட்கும் அளவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் சராசரி 80 டெசிபல்.

முதல் எடுத்துக்காட்டு: 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல். 110 டெசிபலுக்கு 10 மில்லிவாட் வேண்டும். அதாவது 0.57 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் வோல்ட்டேஜின் பயனுள்ள சராசரி அளவு), உச்சத்தில் 0.8 வோல்ட், 25 மில்லிஆம்பியர். இரண்டாவது: 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். இதற்கு 20 மில்லிவாட் வேண்டும். அது 2.45 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சத்தில் 3.5 வோல்ட், ஆனால் 11.5 மில்லிஆம்பியர் மட்டுமே.

இந்த இரண்டு வரிக் கணக்கை உங்கள் ஹெட்போனுக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே பல பதில்களில் அதைத்தான் திரும்பப் பார்க்கப் போகிறோம். ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் சென்சிடிவிட்டியை ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று அச்சிடுகின்றன. மில்லிவாட்டா, வோல்ட்டா என்று பார்க்காமல் கணக்கில் இறங்காதீர்கள்.

இம்பீடன்ஸ் அதிகம்னா நிறைய பவர் வேணும்னு சொல்றாங்களே?

மேலே உள்ள இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 ஓம் ஹெட்போன் கேட்பது வோல்ட்டேஜ், 32 ஓம் கேட்பது கரண்ட். முன்னது பேட்டரியின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும், பின்னது ஐசியைத் தீர்மானிக்கும்.

ஒரு 9 வோல்ட் பேட்டரி போதுமா, ரெண்டு போடணுமா?

ஒரு பேட்டரியின் வோல்ட்டேஜை நடுவில் பிரித்தால் மேலே 4.5, கீழே 4.5 வோல்ட். சாதாரண ஆப்-ஆம்ப் அந்த எல்லை வரை எட்டாது, இரு பக்கமும் ஏறக்குறைய 1.5 வோல்ட்டை விட்டுவிடும். கையில் மிஞ்சுவது உச்சத்தில் 3 வோல்ட். 32 ஓம் எடுத்துக்காட்டுக்கு 0.8 வோல்ட்தான் வேண்டும், ஆகவே ஒரு பேட்டரியே தாராளம்.

300 ஓமுக்கு 3.5 வோல்ட் வேண்டும். புதுப் பேட்டரியில் 3 வோல்ட் கிடைக்கிறது, குறைவது ஒரு டெசிபல் சொச்சம். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கியதும் மிஞ்சுவது 2 வோல்ட்தான். அப்போது உரத்த இடங்கள் நசுங்கிக் கேட்கும். 250 ஓமுக்கு மேல் என்றால் இரண்டு பேட்டரி போடுங்கள் என்பது என் முடிவு. இரண்டு இருந்தால் அவை சேரும் புள்ளியே கிரவுண்ட் (சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளி) ஆகிவிடும், கீழே வரும் விர்ச்சுவல் கிரவுண்ட் தலைவலியும் இல்லை.

அப்படிப் போட்டால் சுவிட்ச் கட்டாயம் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் இரட்டை முனை வகையாக இருக்க வேண்டும். ஒரு பேட்டரி மட்டும் இணைந்திருந்தால் அவுட்புட்டில் டிசி (திசை மாறாத மின்சாரம்) ஏறி ஹெட்போன் காயில் கருகக்கூடும். ஒரு பேட்டரியின் கிளிப் தளர்ந்தாலும் இதே ஆபத்துதான். கிளிப் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

சார்ஜ் ஏத்துற 9 வோல்ட் பேட்டரி வாங்கினேன், சத்தம் சீக்கிரமே கரகரங்குது. ஏன்?

அதன் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் வோல்ட்டேஜைப் பாருங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட். உள்ளே ஆறு செல் இருந்தால் 7.2, ஏழு இருந்தால் 8.4, எட்டு இருந்தால் 9.6. மூன்றும் ஒரே உருவத்தில்தான் வருகின்றன. 7.2 வோல்ட் வகை, முந்தைய பதிலில் சொன்ன தேய்ந்த பேட்டரியின் நிலையிலேயே தன் பயணத்தைத் தொடங்குகிறது. 8.4 அல்லது 9.6 வாங்குங்கள்.

லித்தியம் செல் போடலாமா? ஒண்ணு சும்மா கிடக்குது.

ஒற்றை லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட். ஆடியோவுக்குப் பெயர்பெற்ற பல ஐசிகளுக்குக் குறைந்தது 5 வோல்ட் வேண்டும், ஆகவே நேரடியாக ஓடாது. பூஸ்ட் கன்வர்ட்டர் வைத்து வோல்ட்டேஜை ஏற்றலாம், ஆனால் அது வேகமாகச் சுவிட்ச் ஆகும்போது எழும் இரைச்சல் சுற்றுக்குள் நுழையும். வடிகட்ட முடியும் என்றாலும் முதல் ஆம்புக்கு இந்தச் சண்டை வேண்டாம்.

இரண்டு செல்லைத் தொடராக இணைப்பது நல்ல வழி: 6 முதல் 8.4 வோல்ட் வரை கிடைக்கும். இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டும் 8.4 வோல்ட் லித்தியம் சார்ஜரும் சேர்த்தே வாங்குங்கள். பலரிடம் இருக்கும் டிபி4056 சார்ஜர் போர்டு ஒற்றை செல்லுக்கு மட்டுமானது, தொடர் இணைப்புக்கு ஆகாது. ஒற்றைச் செல்லிலும் அது வழக்கமாக ஒரு ஆம்பியர் வேகத்தில் ஏற்றும்படிதான் வருகிறது. 300 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சின்னச் செல்லுக்கு அது ஆபத்தான வேகம், போர்டில் உள்ள ரெசிஸ்டரை மாற்றிக் குறைக்க வேண்டும். கொள்ளளவு தெரியாத பழைய செல் என்றால் அதைத் தொடாதீர்கள்.

விர்ச்சுவல் கிரவுண்ட்னா என்ன? ரெண்டு ரெசிஸ்டர் போட்டாப் போதுமா?

ஒற்றைப் பேட்டரியில் நடுப்புள்ளி கிடையாது, நாமே உருவாக்க வேண்டும். பேட்டரியின் இரு முனைக்கும் இடையே சமமான இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அவற்றோடு இணையாக இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இதுதான் பழைய முறை. ஹெட்போனிலிருந்து திரும்பி வரும் கரண்ட் முழுவதும் இந்தப் புள்ளிக்குத்தான் வந்து சேர்கிறது. இதை மறந்துவிடுவதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். ஐசியின் அவுட்புட்டில் வெறும் 20 மில்லிவோல்ட் டிசி இருக்கிறது, ஹெட்போன் 32 ஓம். 0.6 மில்லிஆம்பியர் இடைவிடாமல் ஓடும். நடுப்புள்ளிக்கு அந்த ரெசிஸ்டர்கள் தரும் தடை 2.35 கிலோ ஓம். இரண்டையும் பெருக்கினால் நடுப்புள்ளி ஏறக்குறைய 1.5 வோல்ட் நகர்ந்துவிடுகிறது! 3 வோல்ட் இடம் இருந்த பக்கத்தில் பாதி போய்விட்டது. ஆழ்ந்த பாஸ் வரும்போதும் இதே கதை: கெபாசிட்டர்கள் சின்னதாக இருந்தால் நடுப்புள்ளி தாளத்தோடு சேர்ந்து ஆடும்.

ஆகவே 300 ஓமை ஒற்றைப் பேட்டரியில் ஓட்டினால் ரெசிஸ்டர் முறை போதும். 32 ஓமுக்கு டிஎல்இ2426 என்ற மூன்று கால் பாகம் நல்லது. அது 20 மில்லிஆம்பியர் வரை இரு திசையிலும் தாங்கும், தனக்காக எடுப்பது 0.2 மில்லிஆம்பியருக்கும் குறைவு. இரண்டு சேனலும் சேர்ந்தால் உச்சத்தில் 50 மில்லிஆம்பியர் வருகிறதே என்று கேட்டால், அதற்குப் பின்னால் பியூஎஃப்634 போன்ற பஃபர் (கரண்டை மட்டும் கூட்டித் தரும் ஐசி) வைக்கலாம். என்னைக் கேட்டால், செலவு செய்வதற்கு ஏற்ற இடம் இதுதான். ஐசியை மாற்றி மாற்றிப் போடுவதைவிட நடுப்புள்ளியை உறுதியாக்குவதில் பலன் அதிகம்.

சரி, ஆப்-ஆம்ப்க்கு வருவோம். எது போடலாம்?

ஒற்றை 9 வோல்ட் பேட்டரி, முதல் ஆம்ப் என்றால் ஓபிஏ2134. 5 வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும். உள்ளீட்டில் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருப்பதால் கால்களில் ஓடும் பயாஸ் கரண்ட் மிகமிகச் சொற்பம், எனவே டிசி தொல்லை குறைவு. ஒரு சேனலுக்கு 4 மில்லிஆம்பியர் எடுக்கும், 35 மில்லிஆம்பியர் அளவுக்குக் கொடுக்கும். 32 ஓமின் 25 மில்லிஆம்பியருக்கு அது போதும், ஆனால் பெரிதாக மிச்சம் இருக்காது.

கரண்ட் அதிகம் வேண்டும் என்றால் என்ஜேஎம்4556ஏ, ஒரு சேனலுக்கு 70 மில்லிஆம்பியர். டிஎல்072 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது 10 வோல்ட்டுக்கு மேல் ஓட வடிவமைத்தது. இரண்டு பேட்டரியும் 300 ஓமும் என்றால் பரவாயில்லை, ஒற்றைப் பேட்டரிக்கும் 32 ஓமுக்கும் வேண்டாம்.

எதுவானாலும் எட்டுக் கால் சாக்கெட் வைத்து அதில் செருகுங்கள். பெயரை அழித்து மறு அச்சிட்ட போலி ஐசிகள் நிறைய உலவுகின்றன. தெரிந்த, நம்பகமான விற்பனையாளரிடம் சாதாரண ஐசி வாங்குவது, தெரியாத இடத்தில் உயர்ந்த ஐசி வாங்குவதைவிட மேல்.

என்ஈ5532 நல்ல ஐசின்னு போட்டேன். ஹெட்போன் செருகும்போது 'டப்'னு அடிக்குது.

ஐசி நல்லதுதான், இரைச்சல் மிகக் குறைந்தது. ஆனால் அதன் உள்ளீடு பைபோலார் டிரான்சிஸ்டர் வகை: பயாஸ் கரண்ட் சராசரியாக 200 நானோஆம்பியர், சில ஐசிகளில் 800 வரை போகலாம். சிமாய் சுற்றில் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் இருக்கும். 200 நானோஆம்பியர் அதன் வழியே ஓடினால் 20 மில்லிவோல்ட். கெயின் (பெருக்கும் மடங்கு) 5 என்றால் அவுட்புட்டில் 100 மில்லிவோல்ட் டிசி. 'டப்' சத்தம் அதுதான். முன்னே பார்த்த நடுப்புள்ளி நகர்வையும் இது இன்னும் மோசமாக்கும்.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். 100 கிலோ ஓமை 22 ஆகக் குறைத்து, அதற்கு முன்னால் உள்ள கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள். கெயினைத் தீர்மானிக்கும் கீழ் ரெசிஸ்டரோடு (கிரவுண்டுக்குப் போவது) தொடராக 47 மைக்ரோஃபாரட் சேருங்கள், டிசிக்குக் கெயின் 1 ஆகிவிடும். 100 மில்லிவோல்ட் 5-க்கும் கீழே இறங்கும். இவ்வளவு வேண்டாம் என்றால் ஓபிஏ2134-க்கே திரும்புங்கள்.

கெயின் எவ்வளவு வைக்கணும்? சிமாய் சர்க்யூட் படத்துல 11 போட்டிருக்கு.

11 பெரும்பாலானவர்களுக்கு மிக அதிகம். போன் தருவது ஏறக்குறைய 1 வோல்ட் ஆர்எம்எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் எடுத்துக்காட்டுக்கு வேண்டியது 2.45 வோல்ட், ஆகவே கெயின் 3 போதும். 32 ஓமுக்கு 0.57 வோல்ட்தான் வேண்டும். அங்கே கெயின் 1 போதும், ஆம்பின் வேலை கரண்ட் தருவது மட்டுமே.

சூத்திரம்: மேல் ரெசிஸ்டரை (அவுட்புட்டிலிருந்து திரும்பி வருவது) கீழ் ரெசிஸ்டரால் வகுத்து ஒன்று கூட்டுங்கள். 10 கிலோ, 4.7 கிலோ என்றால் 3.1. கெயின் அதிகமானால் மூலத்தின் இரைச்சலும் சேர்ந்து பெருகும், வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காது அடைக்கும்.

வால்யூமைக் குறைச்சா ஒரு காதுல மட்டும் கேக்குது. பாட் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. சின்ன இரட்டை பொட்டென்ஷியோமீட்டர்களில் (வால்யூம் குமிழ் திருகும் 'பாட்') இரண்டு தடங்களும் தொடக்கப் பகுதியில் ஒன்றுபோல் நகராது. குமிழை அந்தப் பகுதியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்றால் கெயின் அதிகம் என்று பொருள். மேலே சொன்னபடி குறைத்தால், குமிழ் நடுப்பகுதிக்கு வந்து பிரச்சினை தானாக மறையும்.

வாங்கும்போது 10 கிலோ ஓம், லாக் வகை, ஸ்டீரியோ என்று கேளுங்கள். 50 கிலோவும் ஓடும், கொஞ்சம் இரைச்சல் கூடும். 'ஏ' என்ற எழுத்து இன்று பெரும்பாலும் லாக், 'பி' லீனியர். பழைய ஐரோப்பியப் பாகங்களில் 'ஏ' லீனியராக இருப்பதும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்: குமிழ் நடுவில் இருக்கும்போது மொத்தத்தில் பாதி காட்டினால் லீனியர், பத்து இருபது சதவீதம் காட்டினால் லாக்.

இன்புட் கெபாசிட்டர் 0.1 போடவா, 1 மைக்ரோஃபாரட் போடவா?

அது அடுத்து வரும் ரெசிஸ்டரைப் பொறுத்தது. 100 கிலோ ஓமோடு 0.1 என்றால் 16 ஹெர்ட்ஸில் பாஸ் குறையத் தொடங்கியிருக்கும், 0.47 என்றால் 3.4 ஹெர்ட்ஸ். நான் 0.47 போடுவேன். பாலிஎஸ்டர், பாலிபுரோப்பிலீன் இரண்டும் நல்லவை. பெட்டியில் எது அடங்குகிறதோ அதை வாங்குங்கள்.

இந்த இடத்தில் சாதாரண செராமிக் வேண்டாம். வோல்ட்டேஜ் மாறும்போது அதன் அளவும் மாறுவதால் ஒலி சிதையும். ஆனால் ஐசியின் பவர் கால்களுக்கு அருகே வைக்கும் 0.1 மைக்ரோஃபாரடுக்கு அதே செராமிக்தான் பொருத்தம்.

'ஆடியோ கிரேடு' ரெசிஸ்டர் வாங்கினா ஒலி மாறுமா?

ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

எல்எம்386-லயும் ஹெட்போன் ஆம்ப் செய்றாங்களே, அது சுலபமாச்சே?

சுலபம்தான். ஆனால் அதன் கெயின் குறைந்தபட்சமே 20. முன்னே கணக்குப் போட்டுக் கண்டது 1 முதல் 3 வரை. மிச்சக் கெயின் எல்லாம் 'உஸ்' என்ற இரைச்சலாகக் காதில் விழும். அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டரும் வேண்டும்: 32 ஓமுக்கு 220 மைக்ரோஃபாரட் வைத்தால் 23 ஹெர்ட்ஸிலேயே பாஸ் குறைந்துவிடும், 470 வைத்தால் 11. சின்ன ஸ்பீக்கருக்கு அருமையான ஐசி, ஹெட்போனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளியில் வெச்சா ஓடுது, தகரப் பெட்டிக்குள்ள வெச்சா பேட்டரி சூடாகுது.

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். உலோக உடல் கொண்ட ஆடியோ ஜாக்குகளின் வெளிப்பகுதி, சுற்றின் கிரவுண்டில், அதாவது நடுப்புள்ளியில் இருக்கிறது. அவை பெட்டியைத் தொடுவதால் பெட்டி முழுவதும் நடுப்புள்ளி. இப்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையோ அடாப்டர் ஜாக்கின் உலோகமோ பெட்டியில் பட்டால் நடுப்புள்ளி பேட்டரி முனையோடு ஷார்ட் ஆகிவிடும்.

எல்லா ஜாக்கையும் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக வாங்கினால் இந்தக் கவலை குறையும். பெட்டியை நடுப்புள்ளியோடு ஒரே ஒரு இடத்தில் கம்பியால் இணைத்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள ஜிஎஸ்எம் போன் எழுப்பும் 217 ஹெர்ட்ஸ் 'டர்ர்' சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். பேட்டரிக்கு அடியில் தடித்த அட்டையோ டேப்போ வையுங்கள்.

ஒரே பவர்பேங்க்ல இருந்து போனுக்கும் ஆம்புக்கும் கரண்ட் எடுக்கலாமா?

விர்ச்சுவல் கிரவுண்ட் உள்ள ஆம்பில் கூடாது. போனின் கிரவுண்ட் பவர்பேங்கின் நெகட்டிவ். ஆடியோ கேபிள் வழியாக அது ஆம்பின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. முந்தைய பதிலில் பெட்டி செய்த வேலையை இங்கே கேபிள் செய்கிறது. போன் தன் பேட்டரியில், ஆம்ப் தன் பேட்டரியில் என்று பிரித்து வைத்தால் சிக்கல் இல்லை.

வேகமான ஐசி ஒண்ணு மாத்தினேன். விரல் சுடுது, ஒலியும் என்னமோ மாதிரி இருக்கு.

ஐசி ஆசிலேட் ஆகிறது. காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் அது தன்னாலேயே துடித்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியோடு தொடராக மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். ஓபிஏ2134 சுற்று அமைதியாக இருக்கும்போது 10 மில்லிஆம்பியர் அளவே எடுக்க வேண்டும். உங்கள் ஐசியின் டேட்டாஷீட் சொல்வதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

0.1 மைக்ரோஃபாரடை ஐசியின் கால்களை ஒட்டி நகர்த்துங்கள், கெயின் ரெசிஸ்டர்களின் கால்களைக் குட்டையாக வெட்டுங்கள், அவுட்புட்டில் சில ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராகச் சேருங்கள். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்கட்டும்: 32 ஓமுக்கு 4 ஓம் வரை. அதற்கும் அடங்கவில்லை என்றால் துளைப் பலகையில் அந்த ஐசி நிம்மதியாக இருக்காது, பழையதைத் திரும்பச் செருகுங்கள்.

பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?

ஐசிக்கு 8 மில்லிஆம்பியர், 4.7 கிலோ ரெசிஸ்டர் இரண்டுக்கும் 1, எல்இடிக்கு 1-க்கும் குறைவு, இசைக்கு இரண்டு மூன்று. மொத்தம் 12 என்று வைத்தால், 500 மில்லிஆம்பியர்-மணி ஆல்கலைன் பேட்டரி 40 மணி நேரம் வரை. உரத்த இடங்கள் நசுங்கத் தொடங்குவது அதற்கு முன்பே நடக்கும். எல்இடிக்கு 10 கிலோ ஓம் போடுங்கள், இன்றைய எல்இடிகளுக்கு 0.7 மில்லிஆம்பியரே போதுமான வெளிச்சம். 470 ஓம் போட்டால் ஐசியைவிட எல்இடி அதிகம் தின்னும்.

எல்லாம் சால்டர் பண்ணியாச்சு. ஹெட்போனைச் செருகலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஐசி இல்லாமல் பேட்டரியை இணைத்து, சாக்கெட்டின் 8-ஆம் காலிலும் 4-ஆம் காலிலும் நடுப்புள்ளியிலிருந்து சமமான, எதிரெதிர் வோல்ட்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றி, ஐசியைத் திசை பார்த்துச் செருகி, மறுபடி இணையுங்கள்.

இன்புட்டில் எதுவும் இல்லாமல், வால்யூமை முழுக்கக் குறைத்து, ஒவ்வொரு சேனல் அவுட்புட்டுக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே டிசி அளக்கவும். 10 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி, 20 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் என்ஈ5532 பதிலுக்குத் திரும்புங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் எங்கோ ஒரு சால்டர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீட்டர் நல்ல எண் காட்டிய பிறகும், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு பழைய இயர்போனை முதலில் செருகி, காதில் வைக்காமல் கையில் பிடித்து, வால்யூமை மெல்ல ஏற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் அது சரியாகப் பாடினால் உங்கள் ஹெட்போனை எடுக்கலாம்.